பதினாலு மாசத்துல போன இன்ஜினும், "நீங்க ஓட்டினது சரியில்லைங்க"ங்கற பதிலும்

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. கொஞ்சம் கோபமான பதிவும் கூட. சொந்தமா லோடு வண்டி வச்சிருக்கறவங்க, வாங்கலாம்னு இருக்கறவங்க கண்டிப்பா கடைசி வரைக்கும் படிங்க. மத்தவங்க டீ குடிச்சிட்டு வந்து படிங்க :-)

2025 ஜூன் மாசம், ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம் மூணே கால். அருள்புரத்துல ஒரு டையிங்கில் இருந்து நாப்பது ரோல் துணி ஏத்திக்கிட்டு முருகம்பாளையத்துல இருக்கற கம்பாக்டிங்குக்குப் போயிட்டு இருந்தேன். வீரபாண்டி பிரிவு நெருங்கும்போது மீட்டர்ல ஆயில் லைட் சிவப்பா எரிஞ்சுது. ஓரங்கட்டலாம்னு நினைக்கறதுக்குள்ள அடியில டக் டக் டக்னு ஒரு சத்தம். அப்புறம் ஒரு பெரிய இழுப்பு. வண்டி நின்னுருச்சு. சாவியைத் திருப்பினா செல்ஃப் கூட சுத்தல. இன்ஜின் பிடிச்சிருச்சு.

வண்டி வாங்கி பதினாலு மாசம். ஓடினது 23,400 கிலோமீட்டர். மூணு வருஷ வாரண்டியில பாதி கூட முடியல.

வண்டி எந்தக் கம்பெனி, எந்த ஷோரூம்னு சொல்லப் போறதில்லை. விவகாரம் நுகர்வோர் ஆணையத்துல இருக்கு. அதைவிட முக்கியமா, இது ஒரு கம்பெனி கதை இல்லை. ஸ்டேண்டுல நாலு பேரைக் கேட்டா நாலு கம்பெனி பேர் வருது. எல்லாக் கவுண்டர்லயும் ஒரே பதில்: "நீங்க ஓட்டினது சரியில்லைங்க."

அந்தப் பதிலைப் பத்தித்தான் இந்தப் பதிவு.

இந்த ஊருக்கு லோடு வண்டின்னா என்ன

வெளியூர்க்காரங்களுக்குக் கொஞ்சம் விளக்கிடறேன். திருப்பூர்ல ஒரு பனியன் ஒரே கூரைக்குக் கீழே உருவாகறது பெரிய கம்பெனிகள்ல மட்டும்தான். மத்ததெல்லாம் ஜாப் ஒர்க். நூல் ஒரு இடம், நிட்டிங் ஒரு இடம், சாயம் ஒரு இடம், கம்பாக்டிங் ஒரு இடம், கட்டிங் ஒரு இடம், பிரிண்டிங், எம்ப்ராய்டரி, பவர் டேபிள், செக்கிங், அயர்னிங், பேக்கிங்னு ஆளாளுக்கு ஒரு செட்டு. நீங்க நானூறு ரூவாய்க்கு வாங்கற டி-சர்ட், உங்க கைக்கு வர்றதுக்கு முன்னாடி இந்த ஊருக்குள்ளயே ஏழெட்டு வாட்டி வண்டி ஏறி இறங்கியிருக்கும்.

அந்த வண்டியை ஓட்டறவன் நான். பத்து வருஷம் கட்டிங் டேபிள்ல நின்னேன். முதுகு போச்சு. 2024 ஏப்ரல்ல சொந்தமா ஒரு பிக்கப் எடுத்தேன். ரோட்டுக்கு வர்றப்ப பத்து லட்சத்து நாப்பதாயிரம். கையில இருந்து ரெண்டரை லட்சம் போட்டேன். அதுல முக்கால்வாசி வீட்டுக்காரம்மா நகை. மீதி பைனான்ஸ். மாசம் 17,600 டியூ, அறுபது மாசம். டிரைவர் நானே, கிளீனர் நானே, முதலாளியும் நானே.

என் சவாரி எல்லாம் அஞ்சு கிலோமீட்டர், ஆறு கிலோமீட்டர். ஒரு நாளைக்குப் பத்து நடை. மங்கலம் ரோட்டுல கால் மணி நேரம் ஊர்ந்துக்கிட்டே போகணும். கம்பெனி வாசல்ல சலான் போட்டுக் குடுக்கற வரைக்கும் காத்திருக்கணும். திரும்ப ஸ்டார்ட், திரும்ப ஆஃப். இதுதான் இந்த ஊர் ஓட்டம். இந்த விஷயத்தை ஞாபகம் வச்சுக்கங்க. பின்னாடி தேவைப்படும்.

மூணு காரணம் சொன்னாங்க

ரிகவரி வண்டி வச்சு சர்வீஸ் சென்டர்ல கொண்டுபோய் விட்டேன். பதினோரு நாள் வண்டியைத் தொடவே இல்லை. "கம்பெனில இருந்து ஆள் வரணுங்க, அப்ரூவல் வரணுங்க"ன்னு பதில். பன்னெண்டாவது நாள் ஒரு தம்பி கூப்பிட்டு, "ஏனுங்ண்ணா, வாரண்டில வராதுங்ண்ணா. ரெண்டு லட்சத்து எம்பத்தாறாயிரம் ஆகும். செய்யலாங்களா?"ன்னு கேட்டாப்ல. சாதாரணமா, டீ சொல்லட்டுங்களான்னு கேக்கற மாதிரி.

நொந்து நூலாகிட்டேன். திருப்பூர்ல நூலாகறது ஒண்ணும் புதுசில்லைதான், இருந்தாலும்...

காரணம் கேட்டேன். மூணு சொன்னாங்க.

முதல் காரணம், ஓவர்லோடு. நாப்பது ரோல், ரோல் இருபத்தஞ்சு கிலோன்னு வச்சாலும் ஒரு டன். ஆர்.சி. புக்குல என் வண்டிக்குப் போட்டிருக்கறது அதைவிட அதிகம். பின்னல் துணிங்கறது இரும்புக் கம்பி இல்லைங்க, இடத்தை அடைக்கும், எடை அவ்வளவு வராது. நான் யோக்கியன்னு சொல்ல வரல. தீபாவளி நேரத்துல ரெண்டு மூணு வாட்டி கூட ஏத்தியிருக்கேன், மறைக்கல. ஆனா ஓவர்லோடு அடிச்சா பட்டை போகும், டயர் போகும், கிளட்ச் போகும். பட்டையும் கிளட்சும் கல்லு மாதிரி இருக்கறப்ப, உள்ள கிராங்க் பேரிங் மட்டும் எப்படிப் போகும்?

ரெண்டாவது, மட்டமான டீசல். எல்லா வாட்டியும் ஒரே பங்க், பில்லு எல்லாம் இருக்கு. டேங்க்ல இருக்கற டீசலை எடுத்து டெஸ்ட் பண்ணுங்கன்னேன். பண்ணல.

மூணாவது, "ஓட்டுற விதம்". சின்னச் சின்ன தூரமா ஓட்டறீங்க, வேகம் போகவே மாட்டேங்கறீங்க, அதனாலதான் ஆச்சுன்னாங்க.

இங்கதான் எனக்குக் கோபம் வந்துச்சு. ஏன்னா மூணாவது காரணம் உண்மை!

அடியில என்ன நடக்குது

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பி.எஸ்.6 வண்டிதான் விக்கணும். அதுக்காக டீசல் வண்டிகள்ல புகைக்குழாய்க்குள்ள ஒரு வடிகட்டி வச்சாங்க. டி.பி.எஃப்.னு சொல்றாங்க. கரியை அது பிடிச்சு வச்சுக்கும். நிறைஞ்சதும் அந்தக் கரியை உள்ளேயே எரிச்சுச் சாம்பலாக்கணும். அதுக்கு அறுநூறு டிகிரி அளவுக்குச் சூடு வேணும். பல்லடம் தாண்டி பொள்ளாச்சி வரைக்கும் ஒரே சீரா ஓட்டினா அந்தச் சூடு வரும். முருகம்பாளையத்துக்கும் அருள்புரத்துக்கும் நடுவுல வராது.

சூடு பத்தலைன்னா இன்ஜின் என்ன பண்ணும்? பல இன்ஜின்கள்ல, பிஸ்டன் கீழே இறங்கற நேரத்துல கொஞ்சம் டீசலைக் கூடுதலாப் பீய்ச்சும். அது புகையோட போய் எரிஞ்சு வடிகட்டியைச் சூடாக்கணும்ங்கறது கணக்கு. அதுல கொஞ்சம் டீசல் சிலிண்டர் சுவர்ல வழிஞ்சு கீழே ஆயிலோட கலந்துடும். நெடுந்தூரம் ஓடற வண்டின்னா இன்ஜின் சூட்டுல அதுல ஒரு பங்கு ஆவியாப் போயிடும். நம்ம ஓட்டத்துல எரிப்பு பாதியில நிக்கும், திரும்ப ஆரம்பிக்கும், திரும்ப நிக்கும். ஒவ்வொரு வாட்டியும் கொஞ்சம் டீசல் கீழே இறங்கும். ஆயில் அளவு குறையறதுக்குப் பதிலா ஏறும்! ஏறின ஆயில் தண்ணி மாதிரி ஆகும். கிராங்குக்கும் பேரிங்குக்கும் நடுவுல ஒரு மெல்லிசான ஆயில் படலம் இருக்கணும், இரும்போட இரும்பு உரசாம இருக்கறது அதனாலதான். தண்ணி ஆயில்ல அந்தப் படலம் நிக்காது. அப்புறம் வீரபாண்டி பிரிவுதான்.

இதை நான் கண்டுபிடிக்கல. ஊருக்குள்ள முப்பது வருஷமா டீசல் வேலை பாக்கற ஒரு மேஸ்திரி அண்ணன் சொன்னார். "தம்பி, ஆயில் ஸ்டிக்கை மோந்து பாத்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்"னார்.

வயித்தெரிச்சல் என்னன்னா, நான் பாத்தேங்க! ஏழாவது மாசமே பாத்தேன். ஸ்டிக்ல மேல் கோட்டைத் தாண்டி ஒரு விரல்கடை ஆயில் நின்னுச்சு. சர்வீஸ் சென்டர்ல போய்ச் சொன்னேன். அட்வைசர் சிரிச்சுக்கிட்டே, "ஆயில் குறைஞ்சாத்தானுங்ண்ணா பிரச்சினை, அதிகமா இருந்தா நல்லதுதானுங்களே"ன்னாப்ல. ஜாப் கார்டுல எழுதல. கீழே கையெழுத்துக் கேட்டாப்ல, போட்டேன்.

நான் பண்ணின பெரிய தப்பு அந்தக் கையெழுத்துதான். ஒரு ரோல் துணிக்கு டெலிவரி சலான் இல்லாம வண்டி எடுக்க மாட்டேன். பத்து லட்ச ரூவா வண்டிக்கு, நான் சொன்ன குறை எழுதாத காகிதத்துல கையெழுத்துப் போட்டுட்டு வந்தேன்.

என்னைக் காப்பாத்துனது ஒரு போட்டோ. அன்னைக்கே ஸ்டிக்கைப் படம் எடுத்து அந்த அட்வைசருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பி இருந்தேன். ரெண்டு நீல டிக் விழுந்திருக்கு. தேதி இருக்கு, நேரம் இருக்கு.

வடிகட்டி வேண்டாம்னு சொல்லல

உடனே சில பேர் "எல்லாம் இந்த பி.எஸ்.6 பண்ற வேலை, வடிகட்டியைக் கழட்டி எறிங்க"ம்பாங்க. நான் அந்தக் கட்சி இல்லை. வடிகட்டாம விட்டா என்ன ஆகும்னு திருப்பூர்க்காரனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சாயத்தண்ணி நொய்யல்ல ஓடினதைப் பாத்தவங்க நாம. 1992ல் கட்டி முடிச்ச ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்குப் பதிலா சாயக் கழிவு தேங்கற குட்டையாப் போனதைப் பாத்தவங்க. 2011 ஜனவரியில உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னப்ப ஊரே வேலையில்லாம உக்காந்ததையும் பாத்தோம். அதுக்கப்புறம் ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக்கூடாதுன்னு சுத்திகரிப்பு வச்சு, அதுக்கான செலவைக் கிலோவுக்கு இத்தனைன்னு சாயக் கூலியில சேத்துக்கிட்டாங்க. கசப்பா இருந்தாலும் கணக்கு கண்ணுக்குத் தெரிஞ்சுது.

வண்டியில அந்தக் கணக்கை யாரும் காட்டல. "ஊருக்குள்ள ஓட்டறதுக்குன்னே செஞ்ச வண்டி, சந்து பொந்தெல்லாம் போகும்"னுதான் வித்தாங்க. நோட்டீஸ்ல போட்டிருந்த படத்துலயே ஒரு நெரிசலான கடைவீதி! வாரத்துக்கு ஒருக்கா இருபது நிமிஷம் பைபாஸ்ல ஓட்டுங்க, ஆயில் ஏறினா உடனே மாத்துங்கன்னு ரெண்டே ரெண்டு வாக்கியம் சொல்லியிருந்தா நான் அவிநாசி வரைக்கும் சும்மாவே போயிட்டு வந்திருப்பேன். அம்பது ரூவா, நூறு ரூவா டீசல்.

விக்கறப்ப கடைவீதிப் படம். இன்ஜின் போனா "கடைவீதியில ஏன் ஓட்டினீங்க"? இது எந்த ஊர் நியாயம்?

வெள்ளைக்காரன் ஊர்ல என்ன நடக்குது

நம்ம ஊர்ல மட்டும்தான் இன்ஜின் போகுதுன்னு நினைக்காதீங்க. அமெரிக்காவுல 2024 மே மாசம் டொயோட்டா தன்னோட டண்ட்ரா பிக்கப்பையும் ஒரு லெக்ஸஸ் மாடலையும் சேத்து, 2022, 2023 வருஷ வண்டிகள் சுமார் ஒரு லட்சத்து ரெண்டாயிரத்தைத் திரும்பக் கூப்பிட்டுது. காரணம், இன்ஜின் செய்யறப்ப கடைஞ்ச இரும்புத் துகள் உள்ளேயே தங்கிடுச்சு, பேரிங் போகுதுன்னு. கம்பெனியே சொன்னது. புது இன்ஜினே மாத்திக் குடுத்தாங்க. 2025 ஏப்ரல்ல ஜெனரல் மோட்டார்ஸ் 6.2 லிட்டர் வி8 இன்ஜின் போட்ட பிக்கப்புகளும் பெரிய வண்டிகளுமா, அமெரிக்காவுல மட்டும் சுமார் ஆறு லட்சத்தைத் திரும்பக் கூப்பிட்டுது. அங்கேயும் கிராங்க், கனெக்டிங் ராடு கோளாறுதான். சோதனையில கெட்டதுன்னு தெரிஞ்சா சரி பண்றது, இல்லைன்னா இன்ஜினை மாத்தறது. தேறினதுக்குக் கெட்டியான ஆயில்.

என் கதைக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கறது ஆஸ்திரேலியாக் கதை. 2015 அக்டோபர்ல இருந்து 2020 ஏப்ரல் வரைக்கும் அங்க வித்த ஹைலக்ஸ் பிக்கப், பிராடோ, ஃபார்ச்சூனர்னு 2,64,170 டீசல் வண்டிகள்ல இதே டி.பி.எஃப். பிரச்சினை. அங்க கூத்து தலைகீழ். வேகமா ஓட்டினாத்தான் வடிகட்டி சரியா வேலை செய்யல. இன்ஜின் உடையல, வெள்ளைப் புகை வந்துச்சு, டீசல் அதிகம் குடிச்சுது, அவ்வளவுதான். அதுக்கே எல்லாரும் சேந்து ஒரே வழக்காப் போட்டாங்க. 2022ல் கோர்ட்டு, வண்டிகளோட மதிப்பு வாங்கின அன்னைக்கே 17.5 சதவீதம் குறைச்சல்னு சொல்லிச்சு. அப்பீல்ல 2023ல் அதைப் பத்து சதவீதமாக் குறைச்சாங்க. 2024ல் அங்கத்த உச்ச நீதிமன்றம் கணக்கைத் திரும்பப் பாக்கச் சொல்லிருச்சு. எத்தனை சதவீதம்ங்கறதுதான் அங்க சண்டை. "ஓட்டினவன் சரியில்லை"ன்னு சொல்லிட்டுக் கம்பெனி தப்பிக்க முடியல.

அங்க எல்லாரும் உத்தமன்னு சொல்லல. அங்க கேக்கறதுக்கு ஆள் இருக்கு, கேக்கறதுக்கு ஒரு முறை இருக்கு. அமெரிக்காவுல 1982லயே கனெக்டிகட் மாநிலத்துல ஓட்டைப் புது வண்டிக்குன்னு தனிச்சட்டம் வந்துச்சு. அதை 'லெமன் லா'ங்கறாங்க. எலுமிச்சம்பழத்தை நாம டயருக்கு அடியில வச்சு நசுக்கறோம், அவங்க சட்டத்துல வச்சிருக்காங்க :-)

நம்ம நாட்டுல வண்டியைத் திரும்பக் கூப்பிடச் சட்டம் இல்லாம இல்லை. 2019ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 110ஏ-ன்னு ஒரு பிரிவு சேத்தாங்க, 2021 ஏப்ரல்ல விதிகள் அமலுக்கு வந்துச்சு. ஆனா அந்தக் கோளாறு சுற்றுச்சூழலுக்கோ, வண்டியில இருக்கறவங்களுக்கோ, ரோட்டுல போறவங்களுக்கோ ஆபத்தா இருக்கணும். என் பொழப்புக்கு ஆபத்துன்னா அதுக்குள்ள வராது.

"நீங்க நுகர்வோரே இல்லைங்க"

வக்கீல் நோட்டீஸ் அனுப்பினேன். பதில் வந்துச்சு பாருங்க, அதுதான் உச்சக்கட்டம். "இது வணிக வாகனம். வணிகத்துக்கு வாங்கியவர் சட்டப்படி நுகர்வோர் அல்ல."

இதைப் படிச்சுட்டு எத்தனை பேர் வாயை மூடிட்டு ரெண்டரை லட்சம் கட்டியிருப்பாங்க? தயவுசெஞ்சு இந்தப் பத்தியை ரெண்டு வாட்டி படிங்க.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(7). வணிக நோக்கத்துக்கு வாங்கினவன் நுகர்வோர் இல்லைன்னு சொல்றது நிஜம். ஆனா அதுக்குக் கீழேயே ஒரு விளக்கம் இருக்கு. சுயதொழில் செஞ்சு தன் வாழ்க்கைக்குச் சம்பாதிக்கறதுக்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்தினா, அது 'வணிக நோக்கம்' ஆகாது. பழைய 1986 சட்டத்துலயும் 1993ல் இருந்து இந்த விளக்கம் இருந்துச்சு.

இதைப் பத்தி உச்ச நீதிமன்றத்தோட பெரிய தீர்ப்பே நம்ம பக்கத்து ஊர் சம்பந்தப்பட்டதுதான். கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட்ல மெஷின் வாங்கின லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ்ங்கற கம்பெனி தொடுத்த வழக்கு, 1995. அந்தக் கம்பெனி பெரிய அளவுல தொழில் பண்ணுது, அதனால நுகர்வோர் இல்லைன்னுதான் தீர்ப்பு. ஆனா அதே தீர்ப்புல உதாரணம் சொல்லியிருக்காங்க: ஆட்டோ வாங்கித் தானே ஓட்டிப் பொழைக்கறவன் நுகர்வோர். லாரி வாங்கித் தானே ஓட்டறவனும் நுகர்வோர். கூடமாட ஒண்ணு ரெண்டு பேரை ஒத்தாசைக்கு வச்சுக்கிட்டாலும் நுகர்வோர்தான். வாங்கி முழுக்க முழுக்க அடுத்தவன் கையில ஓட்டக் குடுத்தாத்தான் இல்லை. முப்பது வருஷத்துக்கு முன்னாடியே சொல்லிட்டாங்க! நோட்டீஸ் பதில் எழுதின பெரிய வக்கீலுக்கு இது தெரியாதா? தெரியும். எனக்குத் தெரியாதுன்னு நினைச்சாரு.

எல்லாம் நமக்குச் சாதகம்னு சொல்லிப் புகையைப் போட விரும்பல. பாதகமானதையும் சொல்லிடறேன். 2006ல் ஒரு கார் வழக்குல உச்ச நீதிமன்றம், வாரண்டியில கெட்டுப்போன பாகத்தை மாத்தறேன்னுதான் இருந்தா பாகத்தைத்தான் மாத்தணும், முழு வண்டியை மாத்தச் சொல்ல முடியாதுன்னு சொல்லிருச்சு. அதனால "புது வண்டி குடு"ன்னு குதிக்கறதுல பிரயோஜனம் கம்மி. 2019 சட்டத்துல தயாரிப்பாளர் பொறுப்புன்னு ஒரு அத்தியாயமே இருக்கு, சரியான எச்சரிக்கை குடுக்கலைன்னா கம்பெனி பொறுப்புன்னு கூட எழுதியிருக்கு. படிச்சதும் குஷியாகிட்டேன். அப்புறம் 'தீங்கு'ங்கற சொல்லுக்கு அர்த்தம் பாத்தா, அந்தப் பொருளுக்கே ஏற்படற சேதமும், தொழில் நஷ்டமும் அதுல சேராதாம். ஒரு கையில குடுத்து இன்னொரு கையில பிடுங்கறதுன்னா இதுதான்.

ஆனா இன்னொரு கதவு திறந்திருக்கு. சேவைக் குறைபாடுங்கற வார்த்தைக்கு அதே சட்டத்துல குடுத்திருக்கற அர்த்தத்துல, வாங்கறவனுக்குத் தேவையான தகவலை வேணும்னே மறைக்கறதும் சேத்தி. என் வக்கீல் அதைத்தான் பிடிச்சிருக்கார். கடைவீதிப் படம் போட்ட நோட்டீசும், நீல டிக் விழுந்த போட்டோவும்தான் எங்க சாட்சி.

இப்ப நிலவரம்

வக்கீல் நோட்டீஸ் போனதும் "நல்லெண்ண அடிப்படையில்" பாதி பாதின்னு வந்தாங்க. நான் ஒத்துக்கல. ஆயில் சாம்பிளை என் முன்னாடி ரெண்டு பாட்டில்ல பிடிச்சு, சீல் வச்சு, ரெண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டு ஒண்ணை நான் வாங்கிக்கிட்டேன். கோவையில ஒரு லேப்ல குடுத்தேன். ஆயில்ல டீசல் கலந்திருக்கு, கெட்டித்தன்மை போயிருச்சுன்னு எழுத்துல வந்துச்சு. அதை மெயில்ல அனுப்பின ஒன்பதாவது நாள் வாரண்டியிலயே இன்ஜினை மாத்திக் குடுத்தாங்க. ஒத்தப் பைசா வாங்கல. மன்னிப்பும் கேக்கல.

வண்டி நின்னது மொத்தம் அறுபத்தேழு நாள். ரெண்டு டியூ, வட்டிக்கு வாங்கிக் கட்டினேன். நிரந்தரமா லோடு குடுத்துட்டிருந்த மூணு பார்ட்டில ரெண்டு பேர் வேற வண்டிக்குப் போயிட்டாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது, ஷிப்மெண்ட் தேதி எனக்காக நிக்காது. வீட்டுக்காரம்மா அந்த ரெண்டு மாசமும் செக்கிங் வேலைக்குப் போச்சு. இந்த அறுபத்தேழு நாளுக்குத்தான் வழக்கு. வண்டி விலை பத்து லட்சத்துக்கு மேல, இருபதுக்குள்ள இருக்கறதால மனுவுக்குக் கட்டணம் 400 ரூவா. அம்பது லட்சம் வரைக்கும் மாவட்ட ஆணையத்துலயே போடலாம். கம்பெனி எந்த ஊர்ல இருந்தாலும், நாம குடியிருக்கற ஊர்லயே போடலாம். ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். சட்டத்துல மூணு மாசம், டெஸ்ட் தேவைன்னா அஞ்சு மாசத்துல முடிக்கப் பாக்கணும்னு இருக்கு. எனக்கு வாய்தா ஓடிட்டு இருக்கு, பாப்போம்.

கம்பெனிகளுக்கு என் கோரிக்கை ரொம்பச் சின்னது. விக்கறப்பவே, இந்த இன்ஜின் குறுந்தூர ஓட்டத்துக்கு என்ன கேக்கும்னு தமிழ்ல ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. வாரண்டியில வண்டி நின்னா, நிக்கற நாளுக்கு மாத்து வண்டி குடுங்க, இல்லைன்னா டியூவையாவது ஏத்துக்கங்க. வாரண்டி மறுக்கறதா இருந்தா பிரிச்சுப் பாத்த ரிப்போர்ட்டோட, கையெழுத்தோட, எழுத்துல மறுங்க. போன்ல "வராதுங்ண்ணா" வேண்டாம்.

நமக்கு:

1. சொன்ன குறை ஜாப் கார்டுல ஏறாம கையெழுத்துப் போடாதீங்க. எழுத மாட்டேன்னா அங்கேயே நின்னு மெயில் இல்லைன்னா வாட்ஸ்அப் அனுப்புங்க.

2. தினமும் காலையில ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி ஸ்டிக்கைப் பாருங்க. ஆயில் ஏறினாலும் ஆபத்து. டீசல் வாசம் வந்தா ஓட்டாதீங்க.

3. டி.பி.எஃப். லைட் எரிஞ்சா அன்னைக்கே புக்குல சொன்ன மாதிரி ஒரே சீரா ஓட்டிட்டு வாங்க. ஆயிலும் புக்குல போட்ட அதே ரகம்தான்.

4. சிவப்பு ஆயில் லைட் எரிஞ்சா நடுரோடா இருந்தாலும் உடனே ஆஃப். லோடு லேட்டானாப் பரவால்ல.

5. இன்ஜினைப் பிரிக்கறப்ப நேர்ல நில்லுங்க. ஆயில் சாம்பிள் வாங்குங்க. போட்டோ எடுங்க.

6. வண்டி உங்க பேர்ல, ஓட்டறது நீங்கன்னா "நீங்க நுகர்வோர் இல்லை"ங்கறதை நம்பாதீங்க. 1915ன்னு தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கு, தமிழ்லயே பேசலாம்.

போன வாரம் ஸ்டேண்டுக்கு ஒரு பையன் வந்தான். இருபத்தி மூணு வயசு இருக்கும். ஓவர்லாக் மெஷினை வித்துட்டு பிக்கப் எடுக்கப் போறானாம். "எந்த வண்டிங்ண்ணா நல்லது?"ன்னு கேட்டான். நான் வண்டி பேர் எதுவும் சொல்லல. அவனைக் கூட்டிட்டுப் போய் என் வண்டி ஆயில் ஸ்டிக்கை உருவி, துடைச்சு, திரும்ப விட்டு எடுத்து, ரெண்டு கோட்டையும் காட்டினேன். "ஷோரூம்ல இதைக் காட்டி, ஆயில் மேல ஏறினா என்ன பண்றதுன்னு கேளு. பதில் சொல்றவன்கிட்ட வாங்கு"ன்னேன்.

மூணு ஷோரூம் போயிட்டு வந்தான். இன்னும் வண்டி எடுக்கல.

பி.கு: வழக்கு முடிஞ்சதும் தீர்ப்பு எப்படி வந்தாலும், தோத்தாலும், இங்கேயே எழுதறேன். உங்களுக்கும் இந்த மாதிரி நடந்திருந்தா கம்பெனி பேர் போடாம எத்தனை கிலோமீட்டர்ல போச்சு, என்ன காரணம் சொன்னாங்கன்னு மட்டும் பின்னூட்டத்துல சொல்லுங்க. ஒரே காரணத்தை எத்தனை பேருக்குச் சொல்லியிருக்காங்கன்னு எண்ணிப் பாப்போம்.